உவரியில் விற்கப் போன இரட்டைச் சிலிண்டர்

என் வண்டியை உவரிக்கு ஓட்டிப்போய், அங்கே விற்றுவிட்டு, பஸ்ஸில் திரும்பி வருவது என்று எங்கள் வீட்டில் முடிவானது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாதா கோயிலில் பூசை முடிந்து வந்து, அடுப்பில் கறி கொதித்துக்கொண்டிருந்த நேரம். முடிவு செய்தவர்கள் என் மனைவி செல்வராணியும் அவளுடைய அண்ணன் கிளமென்ட்டும். நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். என்னை யாரும் கேட்கவில்லை.

வண்டி என்றால் சாதாரண வண்டி இல்லை. அறுநூற்று ஐம்பது சிசி, இரண்டு சிலிண்டர், ஸ்போர்ட்ஸ் வண்டி. துறைமுகத்தில் வேலை பார்த்து மாற்றலாகிப் போன ஒரு சாரிடம் பழையதாக வாங்கினேன். தூத்துக்குடியில் வள்ளம் வைத்து மீன்பிடிக்கிறவன், ஒன்பதாம் வகுப்போடு நின்றவன், ஐம்பது வயதைத் தாண்டியவன், இதை வைத்துக்கொண்டு என்ன செய்கிறான் என்று நீங்கள் கேட்கலாம். ஊரில் எல்லோரும் கேட்டாகிவிட்டது. நீங்களும் தாராளமாகக் கேளுங்கள்.

பூசைக்குப் போகிறேன். மார்க்கெட்டுக்குப் போகிறேன். ரேஷன் கடைக்கு அரிசி வாங்கப் போகிறேன். எங்கள் தெருவில் அதைத் திருப்ப முடியாது. மெயின் ரோடு வரை பின்பக்கமாகவே தள்ளிக்கொண்டு போக வேண்டும். வெயில் காலத்தில் என்ஜின் சூடு காலைப் பொரித்துவிடும். கடற்கரையில் நிறுத்தினால் சைடு ஸ்டாண்டு மணலில் புதைந்து வண்டி சாயும். அதற்காக வலையில் கட்டுகிற தட்டை மிதவை ஒன்றைச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். ஸ்டாண்டுக்கு அடியில் அதைக் கொடுத்தால் அசையாது. சேலை கட்டியவள் உட்கார அந்த வண்டியில் வழியே இல்லை. வள்ளத்துக்குக் கம்பி வளைக்கிற பட்டறையில் கொடுத்து, சேலை சிக்காமல் இருக்கப் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் எவர்சில்வர் கம்பி வளைத்து வைத்தேன். இந்த வண்டியை வரைந்த மனிதன் அதைப் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வான். அடித்துக்கொள்ளட்டும். அவன் மனைவி என்ன உடுத்துகிறாளோ யார் கண்டது.

பிறகு உப்புக்காற்று. எங்கள் ஊரில் ராத்திரி வெளியே விட்ட சைக்கிள் காலையில் செம்பட்டையாகிவிடும். நான் சனிக்கிழமைதோறும் வண்டியை நல்ல தண்ணீரில் குளிப்பாட்டி, துணியால் துடைத்து, வள்ளத்துப் பலகைக்குப் பூசுகிற மீன் எண்ணெயை மெல்லிசாகத் தடவுவேன். துரு அண்டாது. பூனைகள் அண்டும்.

இதெல்லாம் எனக்குச் சிரமமே இல்லை. சிரமம் ஒரே ஒரு கேள்விதான். சிக்னலில் நின்றால் பக்கத்து ஆட்டோக்காரர் எட்டிப் பார்ப்பார். பெட்ரோல் பல்க்கில் குழாயைப் பிடித்துக்கொண்டே பையன் பார்ப்பான். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் சொல்ல வரிசையில் நிற்கும்போது முன்னால் நிற்கிறவர் திரும்புவார். "லிட்டருக்கு எவ்வளவு குடுக்கும்?"

இருபத்தைந்து கொடுக்கும். காற்று நன்றாக இருந்தால் கூடக் கொஞ்சம். சொன்னவுடன் அவர்கள் முகம் துக்க வீட்டில் நிற்பது போல ஆகிவிடும்.

கடலில் யாரும் இப்படிக் கேட்பதில்லை. கடலில் கிலோமீட்டர் கல் நட்டு வைத்திருக்கவில்லை. போய்த் திரும்ப எண்ணெய் காணுமா, என்ஜின் கொண்டுவந்து சேர்க்குமா என்று மட்டும்தான் கேட்போம். அந்தக் கேள்விதான் இந்த வண்டியை வாங்க வைத்தது.

சில வருஷத்துக்கு முன்னால் நடுக்கடலில் என் வள்ளத்தின் என்ஜின் இறுகி நின்றுவிட்டது. ஒரே என்ஜின்தான் போட்டிருந்தேன். நானும் இரண்டு பேரும் நீரோட்டத்தில் போய்க்கொண்டே இருந்தோம். குடிக்கத் தண்ணீர் தீர்ந்தது. ஜெபமாலை மட்டும் தீரவில்லை. கடைசியில் எங்களைக் கண்டு கயிறு போட்டு இழுத்து வந்தது மணப்பாட்டு வள்ளம் ஒன்று. அதில் இரண்டு என்ஜின். ஒன்று பழுதாகி, இன்னொன்றை வைத்துக்கொண்டு அவர்களே மெல்லத்தான் கரைக்கு வந்துகொண்டிருந்தார்கள். அன்றைக்கு முடிவு செய்தேன்: இனி ஒற்றை என்ஜினை நம்பி எங்கேயும் போவதில்லை. கடலிலும் இல்லை, கரையிலும் இல்லை. இரண்டு சிலிண்டர் வண்டி என்று கேள்விப்பட்டதும், ஒன்று போனாலும் ஒன்று வீடு சேர்க்கும் என்று போய் வாங்கிவிட்டேன்.

மச்சான் கிளமென்ட் ஐஸ் கம்பெனியில் மேற்பார்வை பார்க்கிறவர். அவரிடம் நூறு சிசி வண்டி இருக்கிறது. அதன் மைலேஜைச் சொல்லும்போது அவர் முகத்தில் பிள்ளை மார்க் வாங்கிய பூரிப்பு வரும். அன்றைக்குக் கறி கொதிக்கக் கொதிக்கச் சொன்னார்:

"மாப்ள, உங்க வண்டி பெட்ரோல் குடிக்கல, குளிக்கி. திசையன்விளைப் பையன் ஒருத்தன், துபாய்ல இருந்து லீவுல வந்திருக்கான். இந்த மாதிரி வண்டிதான் தேடுதான். செவ்வாக்கிழம உவரி அந்தோணியாருக்கு நேர்ச்சைக்குப் போறீயள்லா, அங்கன வச்சே குடுத்துருவோம்."

நான் வாயைத் திறப்பதற்குள் செல்வராணி கரண்டியை வைத்துவிட்டு வந்தாள். "ஊரே சொல்லுது, நான் மட்டும் சும்மா இருக்கேன். ஒண்ணு செய்வோம். இங்க டாங்க் ரொப்புவோம். உவரியில போயி மறுபடி ரொப்புவோம். எம்புட்டு குடிக்குன்னு நானே கூட இருந்து பாக்கேன். கட்டாதுன்னா அங்கனயே குடுத்துட்டு பஸ்ல வருவோம். சரிதானே?"

"சரி," என்றேன். சம்மதித்துச் சொன்ன சரி அல்ல அது. சண்டைக்கு வா என்கிற சரி.

திங்கள்கிழமை காலையில் புறப்பட்டோம். அன்றைக்கு மணப்பாட்டில் தங்கி மறுநாள் உவரி. டாங்க்கில் விளிம்பு வரை பெட்ரோல். மச்சான் கூடவே அவர் வண்டியில் வந்தார், நான் வழியில் திருட்டுத்தனமாக எங்கேயும் நிரப்பிவிடாமல் பார்த்துக்கொள்ள.

வெளிநாடு போய்வந்தவர்கள் எழுதுவார்கள், அங்கே எல்லாம் புதிதாக இருந்தது என்று. எனக்கு அந்த ரோடே வெளிநாடுதான். பழையகாயலையும் திருச்செந்தூரையும் மணப்பாட்டையும் நான் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன், ஆனால் கடலில் இருந்து. கோபுரத்தையும் கோயில் மணிக்கூண்டையும் வைத்து ஊரைச் சொல்லிவிடுவேன். ரோட்டில் வந்தால் ஊர்கள் எல்லாம் முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கின்றன. கடலுக்கு முகத்தைக் காட்டும் ஊர், ரோட்டுக்குப் பஞ்சர் கடையையும் ஃபிளெக்ஸ் போர்டையும் காட்டுகிறது.

உப்பளங்களைத் தாண்டி, முக்காணிப் பாலத்தைத் தாண்டி, ஆறுமுகநேரி உப்புக் காற்றைக் கடந்து காயல்பட்டினத்தில் டீக்கு நின்றோம். கண்ணாடிப் பெட்டியில் இறால் வாடா என்கிற பலகாரம் சுடச்சுட இருந்தது. உள்ளங்கை அளவு, நல்ல தடிமன், உள்ளே தேங்காயும் இறாலும். எங்கள் இறாலை எங்கள் வீட்டில் இப்படிச் செய்யத் தெரியவில்லையே என்று செல்வராணி இரண்டாவதையும் எடுத்தாள்.

பக்கத்தில் மலையாளத்துப் பிள்ளைகள் நாலு பேர், பெரிய பெரிய வண்டிகளில், விண்வெளிக்குப் போகிறவர்கள் மாதிரி உடுப்பு. என் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். எங்களுக்கு மலையாளம் தெரியாது என்று நினைத்துப் பேசிக்கொண்டார்கள். கொச்சியில் மீன் இறக்கிய காலத்தில் பழகிய காது எனக்கு. ஒருவன் சொன்னான்: "அந்தக் கம்பியைப் பார்த்தாயா? மாட்டுத் தொழுவத்துக் கதவு போல இருக்கிறது." இன்னொருவன் குனிந்து மோந்து பார்த்துவிட்டுச் சொன்னான்: "இந்த வண்டி நேற்று வரைக்கும் மத்தி மீனாக இருந்திருக்கிறது." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர்கள் சிரிப்பு நின்றுவிட்டது.

டீ போட்ட காக்கா, அந்த ஊரில் அண்ணனை அப்படித்தான் சொல்வார்கள், டம்ளரை நீட்டிக்கொண்டே கேட்டார், "லிட்டருக்கு எவ்வளவு குடுக்கும்?"

மச்சான் எனக்கு முன்னால் பதில் சொன்னார். காக்கா என்னைப் பரிதாபமாகப் பார்த்து, "அல்லாஹ் லேசாக்கி வைப்பான்" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. இப்போது எழுதும்போதும் வருகிறது. மச்சான் மகள் கல்யாணத்துக்குப் பிடித்த மண்டபம் லிட்டருக்கு எவ்வளவு கொடுத்தது? திருவிழாவில் வானத்துக்கு விடுகிற வாணம் எவ்வளவு கொடுக்கிறது? மாதாவின் சப்பரத்துக்குப் போடுகிற பூ மறுநாள் வாடிப்போகிறதே, அதை யாராவது கட்டாது என்று சொன்னோமா? ஒரு மனுஷன் காலமெல்லாம் உழைத்து, குடிக்காமல், சீட்டாடாமல், ஒன்றே ஒன்றின் மேல் ஆசைப்பட்டால் அதற்கு மட்டும் அளவுகோலை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள்.

திருச்செந்தூரில் காவடியும் மொட்டைத் தலையும் பஸ்ஸும் ஆடும் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. அங்கே ஊர்ந்த ஊர்தலில் என் தொடை வெந்துவிட்டது. குலசேகரன்பட்டினம் தாண்டி ரோடு திறந்துகொண்டது. பனங்காடு, செம்மணல் மேடான தேரி, எப்போதாவது ஒரு கீற்று கடல். வண்டி அடியில் இருந்து இரண்டு குரலில் பேசிக்கொண்டே வந்தது. திடீரென்று ஒரு குரல் வாயை மூடிக்கொண்டது.

வண்டி உதறியது. சைலன்சரில் டப் டப் என்று வெடித்தது. வேகம் சைக்கிள் வேகத்துக்கு இறங்கிவிட்டது. ஆனால் நிற்கவில்லை.

மச்சான் திரும்பி வந்தார். "என்ன மாப்ள, நின்னுட்டா?"

"நிக்கல. ஒண்ணு போச்சு. இன்னொண்ணு இருக்குல்லா."

"ஓரமா வுடுங்க. குலசையில போயி ஆளக் கூட்டிட்டு வருவோம். ஏளா ராணி, நீ எறங்கு. என் வண்டில ஏறு."

செல்வராணி இறங்கினாள். அண்ணன் வண்டியைப் பார்த்தாள். அது தையல் மிஷின் மாதிரி ஒழுங்காக உறுமிக்கொண்டு நின்றது. என் வண்டியைப் பார்த்தாள். அது குளிர்காய்ச்சல் வந்தவன் மாதிரி நடுங்கியது. சேலையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு மறுபடியும் என் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

"நான் ஏறுன வண்டியிலயே வாரேன். நீங்க முன்னால போங்கண்ணே."

அப்படியே போனோம். பால்காரர் சைக்கிளில் எங்களை முந்தினார். ஆடுகள் முந்தவில்லை, ஆனால் முயற்சி செய்தன. பதநீர் கேன் கட்டிய மொபெட்டில் வந்த ஒருவர் பக்கத்தில் வந்து, "அண்ணாச்சி, தள்ளி வுடணுமா?" என்றார். "வேண்டாம். ரெண்டு என்ஜின் வண்டி இது," என்றேன். அவர் வண்டியை ஒரு தடவை பார்த்துவிட்டு முந்திப் போய்விட்டார்.

எனக்குள் ஒரு பெரிய சந்தோஷம். வண்டி கெட்டுப்போனதில் சந்தோஷப்பட்ட முதல் ஆள் நான்தானோ என்னவோ. நான் சொன்னது சரியாகிவிட்டது அல்லவா? ஒன்று போனால் ஒன்று. கர்த்தருக்கு நன்றி சொல்லிக்கொண்டே போனேன். மணப்பாட்டு மணல் குன்றும் அதன் மேல் கோயிலும் தெரிந்தன. கடலில் இருந்து பார்த்ததைவிடச் சின்னதாக இருந்தது. ஆனாலும் என்னைத் தெரியும் என்பது போல நின்றது.

அன்று செல்வராணியின் சித்தி மகள் வீட்டில் தங்கினோம். சாளைக் குழம்பும் மரச்சீனிக் கிழங்கும். நான் மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு மெக்கானிக் வந்தார். வள்ளத்து என்ஜினும் பார்ப்பார், பைக்கும் பார்ப்பார். மேலே டாங்க்கைக் கழற்றி, பிளக்கின் மேல் மூடியைப் பிடுங்கி என்னிடம் காட்டினார். உள்ளே பச்சைக் களிம்பு. குழியில் தண்ணீர் நின்றது.

"வண்டியக் குளிப்பாட்டுனீயளோ?"

"சனிக்கிழமதோறும்."

"குழந்தைய மாதிரி வச்சிருக்கீய. குழந்தை காதுக்குள்ள தண்ணி போனா என்னவாகும்?" ஊதித் துடைத்துக்கொண்டே கேட்டார், "இத வச்சுக்கிட்டு எங்கன இருந்து ஓட்டிட்டு வந்தீய?"

நான் பெருமையாகச் சொன்னேன். இரண்டு என்ஜின் கதையையும் சொன்னேன். மெக்கானிக் ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"அண்ணாச்சி, வள்ளத்துல ரெண்டு என்ஜின் வச்சா, அது ரெண்டு ஆளு. ஒருத்தன் படுத்தா ஒருத்தன் எழும்பி வேல செய்வான். இது அப்படி இல்ல. இது ஒரே ஆளு, ரெண்டு காலு. ஒரு காலு செத்தா, மத்தக் காலு அதையும் சேத்து இழுக்கணும். பெட்ரோலு ரெண்டுலயும் இறங்கிக்கிட்டுதான் இருக்கும். வேல நடக்குறது ஒண்ணுல. மிச்சம் சைலன்சர் வழியாப் போவும். அதான் டப்பு டப்புன்னு வெடிச்சிருக்கு. இன்னும் கொஞ்சம் ஓட்டிருந்தா சைலன்சரே பழுத்துப் போயிருக்கும்."

நான் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். இத்தனை காலமாக நான் சண்டை போட்ட அத்தனை பேருக்கும் சொன்ன ஒரே நியாயம், பொய்யாகிவிட்டது.

செல்வராணி சிரித்தாள். முதலில் வாயைப் பொத்திக்கொண்டு, பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "ரெண்டு என்ஜின்! ஊரெல்லாம் ரெண்டு என்ஜின்!" மச்சானுக்கு அவ்வளவு சிரிப்பு வரவில்லை. அவருக்கு இது ஜெயித்த வழக்கு.

சிரித்து ஓய்ந்ததும் அவள் என் பக்கத்தில் வந்து கேட்டாள். "இது தெரிஞ்சிருந்தா வாங்கிருப்பீயளா?"

வேறு யாரும் கேட்டிருந்தால் வாங்கியிருக்க மாட்டேன் என்று சொல்லித் தப்பித்திருப்பேன். அன்றைக்கு மதியம் அந்தோணியார் முன்னால் போய் நிற்க வேண்டியவன்.

"வாங்கிருப்பேன்," என்றேன்.

அவள் உள்ளே போய் அந்தோணியாருக்குப் போட உப்பும் மிளகும் பொட்டலம் கட்டினாள்.

மூடி மாற்றி வண்டி மறுபடி இரண்டு குரலில் பேசியது. பெரியதாழையைத் தாண்டிக் கடல் ஓரமாகவே போனோம். உவரிக்குத் திரும்பும் முன்னால் இருக்கிற பல்க்கில் நிறுத்தி, மச்சான் குழாயைத் தானே வாங்கி, பெட்ரோல் கண்ணுக்குத் தெரிகிற வரை நிரப்பினார். போனில் கணக்குப் போட்டார். போனைத் தங்கச்சி முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

"பதினெட்டு. பாத்துக்க."

நேற்று ஒற்றைச் சிலிண்டரில் ஓடியதைக் கழித்துவிட்டுப் பாருங்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வண்டி என்னுடையது, அதன் காதில் தண்ணீர் விட்டதும் நான். பதினெட்டு என்றால் பதினெட்டு.

அந்தோணியார் கோயிலில் கூட்டம். தலையில் முடி இறக்கியவர்கள், கக்கத்தில் சேவலை இடுக்கிக்கொண்டு நிற்கிறவர்கள், ஈர உடம்போடு கடலில் இருந்து நேராக வருகிறவர்கள். நான் கையை விரித்து நின்றேன். எனக்கு வண்டியைக் காப்பாற்றிக் கொடும் என்று கேட்க வெட்கமாக இருந்தது. அதனால், "உமக்கே தெரியும்," என்று மட்டும் சொன்னேன். செல்வராணி உப்பையும் மிளகையும் போட்டுவிட்டு வெகுநேரம் முழங்காலில் இருந்தாள். சாவி அவள் கைப்பையில் இருந்தது. உவரியில் இறங்கியதும் சாவியை அவளிடம் கொடுத்துவிட வேண்டும் என்பது பேச்சு.

வெளியே வேப்பமரத்து நிழலில் திசையன்விளைப் பையன் காத்திருந்தான். நல்ல பையன். வந்தவுடன் கும்பிட்டான். வண்டியைச் சுற்றி வந்து, டாங்க்கைத் தடவி, "சூப்பரா வச்சிருக்கீங்க மாமா," என்றான். மீன் வாடையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன்: சூடு, தெருவில் திருப்ப முடியாது, தண்ணீர் போனது, பதினெட்டு. மச்சான் என் காலை மிதித்தார். பையன், "பரவால்ல மாமா, தெரிஞ்சுதான் கேக்கேன்," என்று சாவிக்குக் கையை நீட்டினான்.

செல்வராணி கைப்பையைத் திறக்கவில்லை.

"மன்னிச்சுக்கப்பா. வண்டி குடுக்கல."

மச்சானுக்குக் குரல் ஏறிவிட்டது. "ஏளா, என்ன பேசி வச்சோம்? பதினெட்டுன்னு உன் கண்ணால பாத்தியா இல்லையா?"

"பாத்தேன். இன்னொண்ணும் பாத்தேன்." அவள் அண்ணனிடம் சொன்னாள், என்னைப் பார்க்கவில்லை. "நேத்து குலசை தாண்டி அந்த ஒத்தச் சிலிண்டர்ல மணப்பாடு வாரவரைக்கும் இவுக பாடிக்கிட்டே வந்தாக. கடல்ல என்ஜின் நின்ன பொறவு இவுக வாய்ல ஒரு பாட்டு வந்து நான் கேக்கல அண்ணே. வீட்ல இல்ல. கோயில்ல எல்லாரும் பாடும்போது உதட்ட மட்டும் அசைப்பாக. கொயர்ல முன்னால நின்னு பாடுன மனுசன்."

நான் பாடினேனா? எனக்குத் தெரியாது. மனசுக்குள் ஜெபம் சொல்லிக்கொண்டு வந்ததாகத்தான் நினைத்திருந்தேன்.

மச்சான் அப்போதும் விடவில்லை. "பாட்டுக் கேக்கதுக்கா ஏளா இம்புட்டுப் பெட்ரோலு?"

"ஆமா. இம்புட்டும் ஆவட்டும். இன்னமும் ஆவட்டும்."

பையன் சிரித்துவிட்டான். என் கையைப் பிடித்துக் குலுக்கி, "நீங்களே ஓட்டுங்க மாமா," என்று போய்விட்டான். சாவி என் கைக்கு வந்தது. அவள் கை வியர்த்திருந்தது.

ஊரில் இருந்து மெயின் ரோட்டுக்கு வந்து நின்றோம். வலது பக்கம் திரும்பினால் தூத்துக்குடி. இடது பக்கம் கன்னியாகுமரி. மச்சான் வலது பக்கம் இண்டிகேட்டர் போட்டுக்கொண்டு காத்திருந்தார். கன்னியாகுமரிக்கு நாங்கள் போனதே இல்லை. கல்யாணமான புதிதில் போகலாம் என்று பேசியதோடு சரி. அப்புறம் பிள்ளைகள், பாடு, கடல்.

என் இடது தோளில் அவள் விரல்கள் அழுத்தின.

"என்னளா?"

"திருப்புங்க."

டாங்க் நிறையப் பெட்ரோல் இருந்தது. மச்சான் தன் கையாலேயே விளிம்பு வரை நிரப்பியது. இடது பக்கம் திருப்பினேன்.